சுவருக்குள் ஒரு சத்தம்

கீசர் பழுது பார்க்க வந்த தாவூத் பாய் அதற்குப் போகும் தண்ணீர் வால்வை மூடிவிட்டு, குளியலறையில் ஸ்டூல் போட்டு ஏறி அதன் அடிமூடியில் ஸ்குரூ டிரைவரை வைத்தபோது மணி பத்தேகால். புனிதவதி சமையலறையில் எவர்சில்வர் டம்ளர்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலையில் தேய்த்துக் கவிழ்த்த டம்ளர்கள்தான். ஈரம் காய்ந்ததும் வழக்கம்போல வெள்ளை பூத்துவிட்டது, திருநீறு பூசித் துடைத்துவிட்ட மாதிரி. கொட்டிவாக்கத்தில் கடலுக்கு நாலு தெரு உள்ளே இருக்கும் இந்த ஃபிளாட்டுக்கு அவர்கள் வந்து பதினோரு வருடமாகிறது. போர்வெல் தண்ணீர் தொட்டு வெளுக்காத பொருள் இந்த வீட்டில் எதுவும் மிச்சமில்லை. குழாய் வாயில் கல் மாதிரி காய்த்திருக்கும், கண்ணாடியில் புள்ளி விழும், துண்டு காய்ந்தால் அப்பளமாக விறைக்கும், சோப்பு நுரைக்காமல் தயிர்த் திப்பி போல உடம்பில் ஒட்டும், துவரம்பருப்பு கேன் தண்ணீர் ஊற்றினால்தான் வேகும். தலைமுடி சீப்போடு வந்து வந்து பாதியாகிவிட்டது. இதெல்லாம் பழகிப்போன சங்கதி. இன்றைக்கு அவள் டம்ளர் தேய்ப்பது பளபளப்புக்காக இல்லை, கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. காது மட்டும் கூடத்துச் சுவரில் இருந்தது. பத்தேகால். இந்நேரத்துக்கு அது வந்திருக்க வேண்டும். வந்தால் இன்றைக்கு இரண்டில் ஒன்று தெரிந்துவிடும். வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறார், நாற்பது ஐம்பது வயது, நல்ல காது, நிதானமான மனிதர். அது வரும்போது அவர் நிமிர்ந்து பார்த்தால் அது உலகத்துச் சத்தம். அவர் பாட்டுக்கு ஸ்குரூவைக் கழற்றிக்கொண்டிருந்தால்? அங்கேதான் நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது. டம்ளரைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தேய்த்தாள். ஸ்குரூ கழலும் ஓசை கேட்டது. தெருவில் கீரைக்காரி போனாள். மேல்வீட்டில் நாற்காலி இழுபட்டது. எல்லாம் கேட்கிறது, அது மட்டும் வரவில்லை. வராது. அவள் தனியாக இருக்கும்போது மட்டும்தான் அது வரும், அதுதானே இரண்டு மாதமாக அவளை அரித்துக்கொண்டிருக்கிற விஷயமே.

தீபாவளி கழிந்து மழை பிடித்த வாரத்தில் அது முதலில் வந்தது. கணவர் தில்லைநாயகம் ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். பஸ் டிப்போவில் முப்பத்திநாலு வருடம் மெக்கானிக் வேலை பார்த்து ஓய்வு பெற்றபிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் வேன்களுக்குப் பொறுப்பாக இருக்கிறார். அவர் போனபின் சமையல், பாத்திரம், ஒரு காபி, அப்புறம் ஒன்பதரைக்குக் கீசரைப் போட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பாள். அவருக்கு எந்தக் காலத்திலும் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் அவள் ஒருத்திக்குத்தான். ஞாயிற்றுக்கிழமையும் அந்நேரத்தில் அவர் காய்கறி வாங்கப் போயிருப்பார். அன்றைக்குப் பேப்பரில் மழை நிலவரம் படித்துக்கொண்டிருந்தபோது டொக் என்று ஒரு சத்தம். யாரோ விரல் முட்டியால் கதவைத் தட்டின மாதிரி. எழுந்துபோய் வாசற்கதவைத் திறந்தாள், யாரும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள். டொக். கொஞ்சம் விட்டு டொக் டொக். வாசலில் இல்லை, டிவிக்குப் பின்னால் சுவரில். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாருமே இல்லை, ஒருபுறம் குளியலறை, ஒருபுறம் சமையலறை, இரண்டும் காலி. நவம்பர் முழுக்க அது வெறும் தட்டலாகத்தான் இருந்தது. டிசம்பரில் தட்டலுக்குப் பின்னால் ஒரு முணுமுணுப்பு சேர்ந்துகொண்டது. தூரத்தில் யாரோ அடைத்த தொண்டையில் விடாமல் பேசுவது போல. ஒருநாள் எழுந்துபோய்ச் சுவரில் காதை வைத்துக் கேட்டாள். சுவர் லேசாக அதிர்ந்தது, அல்லது அவள் கன்னம் அதிர்ந்தது, எது என்று சொல்லத் தெரியவில்லை. அவள் குளிக்கப் போய்க் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும் இரைச்சலில் எல்லாம் அடங்கிவிடும். குளித்துவிட்டு வந்து புடவை கட்டும்போது மறுபடி ஒன்றிரண்டு டொக் கேட்கும், போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவது போல.

இதை யாரிடமாவது சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள், சுவரில் ஏதோ சத்தம் வருதுங்க, எலியா பல்லியா பாருங்க என்று கேட்டிருப்பார்கள். புனிதவதிக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அவள் சிவக்கொழுந்துவின் மகள். விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவள் அப்பா சிவக்கொழுந்து, ரயிலுக்குக் கொடி காட்டும் கார்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாலாம் மாதம், மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்திப் பின்கதவை யாரோ தட்டுகிறார்கள் என்றார். அம்மா போய்த் திறந்து பார்த்துவிட்டு யாரும் இல்லை என்றாள். மறுநாளும் தட்டினார்கள். அடுத்த வாரம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, அப்புறம் இருபது தடவை. ஒவ்வொரு தடவையும் அம்மா எழுந்துபோய்க் கதவை விரியத் திறந்து, பாருங்க, நல்லா பாருங்க, யார் இருக்கா என்று காட்டிவிட்டு வருவாள். பொங்கலுக்குள் தட்டியவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஐயா வாங்க, வண்டி கிளம்பப் போவுது என்று அவரைக் கூப்பிட்டார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே இறங்குவார். புனிதவதிக்கு அப்போது இருபத்திரண்டு வயது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு. இப்போது அவளுக்கு ஐம்பத்தேழு முடிந்துவிட்டது, வைகாசி வந்தால் ஐம்பத்தெட்டு. இந்தக் கணக்கை அவள் போடவில்லை, அது தானாகவே வந்து அடுப்படியில் அவள் பக்கத்தில் நின்றுகொள்கிறது. அதே வயது, அதே ஓய்வுக்காலம், அதே தட்டல், அப்புறம் அதே பேச்சு. டாக்டர்கள் அன்றைக்கே அண்ணனைத் தனியாக அழைத்து, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா என்று கேட்டார்கள். அண்ணன் வந்து அம்மாவிடம் சொன்னதை அவள் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வியை முப்பத்தைந்து வருடமாக யாரும் மறுபடி கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதாலேயே அது அப்படியே இருந்தது.

எல்லாவற்றையும்விட அவளைக் கலக்கியது அண்ணன் மகள் சுகந்தி விஷயம். சுகந்திக்கு அப்போது மூன்று வயது. பன் வாங்கித் தருகிறேன் என்று சிவக்கொழுந்து அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனார், திரும்பி வரும்போது தனியாக வந்தார். குழந்தை எங்கே என்று அண்ணி கேட்டதற்கு எந்தக் குழந்தை என்றார். ஒரு மணி நேரம் குவார்ட்டர்ஸே தேடியது. கடைசியில் லெவல் கிராஸிங்கில் கேட்கீப்பர் வீட்டு வாசலில் சாக்குமேல் உட்கார்ந்து பாதி பன்னைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள் சுகந்தி. ஒரு கீறல் இல்லை. தாத்தா என்னை இங்க நிக்கச் சொன்னாரு, அவரை யாரோ கூப்பிட்டாங்க என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் அண்ணி குழந்தையை அந்த வீட்டுப் பக்கம் கொண்டுவரவே இல்லை. யாரும் அவளைக் குறை சொல்லவும் இல்லை. இப்போது ஓசூரில் இருக்கிற புனிதவதியின் மகள் எழிலரசிக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம், பங்குனியில் நாள் சொல்லியிருக்கிறார்கள், தாய்வீட்டுக்குத்தான் வரவேண்டும். எழில் டிசம்பரிலேயே எப்போது வந்து கூட்டிப்போவாய் என்று கேட்டாள். புனிதவதி தண்ணீரைச் சாக்காகச் சொன்னாள். இங்கே உப்புத்தண்ணி எழில், குழந்தைத் தோலுக்கு ஆகாது, உடம்பெல்லாம் வறண்டு போகும், தலைமுடி தங்காது, உங்க ஊர்ல நல்ல தண்ணி, உன் மாமியாரும் கூட இருக்காங்க, அங்கேயே பார்த்துக்கலாம், நான் வந்து வந்து போறேன் என்றாள்.  எழில், நான் இந்தத் தண்ணியிலதாம்மா காலேஜ் முடிக்கிற வரைக்கும் குளிச்சேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அதற்குப்பின் பேச்சு குறைந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் சாப்பிட்டாச்சா, ஆச்சு. டாக்டர் என்ன சொன்னாங்க, நல்லாருக்கு. மகளுடைய குரல் அப்படி ஒதுங்கிப்போனதைத் தாங்கிக்கொள்ள அவளால் முடிந்தது. குழந்தையைக் கையில் வைத்திருக்கும்போது சுவர் கூப்பிட்டால் என்ன செய்வது என்பதைத்தான் தாங்க முடியவில்லை. பச்சைக் குழந்தையைச் சமையல் மேடையில் கிடத்திவிட்டு யாரோ கூப்பிட்டார்கள் என்று தான் கதவைத் திறக்கப் போவதை அவள் அடிக்கடி பார்த்தாள். மேடை, குழந்தை, கதவு. மேடை, குழந்தை, கதவு. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுத்த டம்ளரை எடுத்தாள்.

குளியலறையில் பாய் ஒரு வாளி கிடைக்குமா என்று கேட்டார். பழைய பச்சை வாளியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வெந்நீர் வராமல் போய் மூன்று நாளாகிறது. சுவிட்சைப் போட்டால் வீட்டுக் கரண்டே டிரிப் ஆகிவிடுகிறது என்று கணவர்தான் பாய்க்குப் போன் பண்ணினார். அந்த மூன்று நாளும் அடுப்பில் தண்ணீர் காயவைத்துக் குளித்தாள். மூன்று நாளும் சத்தம் வரவில்லை. அதுகூட அவளுக்கு நிம்மதியாக இல்லை. அப்பாவுக்கும் இப்படி இடையிடையே நின்றிருக்கிறது, நாலு நாள் தெளிவாக இருந்து எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார், அம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கக்கூட நாள் பார்த்தாள், அதற்குள் மறுபடி பின்கதவு. வாளியைக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் அந்தச் சுவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவர் சும்மா இருந்தது. இந்தக் காது என்ன சாதாரணக் காதா. விருப்ப ஓய்வு வாங்கும்வரை இருபத்தாறு வருடம் இந்தக் காதுதான் சோறு போட்டது. எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் டிரங்க் கால் லைனில் கரகரப்புக்குள் அமுங்கிக் கிடக்கிற குரலைத் தேடி எடுத்துவிடுவாள். மதுரையா மணப்பாறையா, அறுபதா எழுபதா, ஆஸ்பத்திரியா மார்க்கெட்டா, மற்றவர்கள் நாலு தடவை கேட்டு எழுதுவதை அவள் ஒரே தடவையில் எழுதுவாள். புனிதாவுக்குப் பாம்புக்காது என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அந்தக் காதுதான் இப்போது அவளுக்கு வினையாயிற்று. போன மாதம் ஒருநாள் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தபோது அதற்குள் எண்கள் வர ஆரம்பித்தன. ஐந்து, இரண்டு, ஐந்து. மறுபடி ஐந்து, இரண்டு, ஐந்து. கை தன்னால் பென்சிலைத் தேடியது. எழுதிக்கொள்வதற்குள் அவள் சுதாரித்துக்கொண்டு டிவியைச் சத்தமாகப் போட்டுவிட்டுப் பால்கனியில் போய் நின்றாள். அப்பாவைக் கூப்பிட்டது ரயில், ஏனென்றால் அவர் ரயில்வே. தன்னைக் கூப்பிடுவது எண்கள். மூளைக்கு அவரவர் தொழில்தான் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்தாள். அந்த நினைப்பு எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதும் பயமாக இருந்தது.

ஒரே ஒருமுறை கணவரைச் சோதித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது, உங்களுக்கு இந்தச் சுவர்ல ஏதாவது சத்தம் கேக்குதா என்றாள். அவர் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் கேட்டுவிட்டு இல்லையே என்றார். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்ததாகத் தோன்றியது. அவள் உடனே பேச்சை மாற்றி, மேல்வீட்டுக்காரங்க மர வேலை பண்றாங்களோன்னு பார்த்தேன் என்றாள். இல்லையே. அந்த ஒரு சொல் வாரக்கணக்கில் கூடவே வந்தது. டிப்போவில் இன்ஜின் பக்கத்திலேயே இருந்து அவருக்கு இடது காது பாதி கேட்காது என்பது அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவர் சாய்த்தது இடது காதா வலது காதா என்று எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை. பாண்டிச்சேரியில் இருக்கிற தங்கை செண்பகத்திடம் கேட்கலாம் என்று போனைக் கையில் எடுத்து இரண்டு தடவை வைத்துவிட்டாள். அவளும் அதே அப்பாவுக்குப் பிறந்தவள், அவள் மனதிலும் இதைப் போட்டுவைப்பானேன். இப்படி ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டு விலகி, கடைசியில் அவளும் அந்தச் சுவரும் மட்டும்தான் வீட்டில் மிச்சம்.

குளியலறையில் தடதடவென்று ஏதோ கொட்டியது. கூழாங்கல் லாரியிலிருந்து சரிவது போல முதலில் பெரிதாக, பிறகு சலசலவென்று பொடியாக. தாவூத் பாய் யா அல்லா என்று மெதுவாகச் சொன்னது கேட்டது. பிறகு, அம்மா, ஒரு நிமிஷம் இங்க வாங்க என்றார். அவள் எழுந்து போனாள். கீசரின் அடிமூடி கழன்று தொங்கியது. வாளியில் கால்வாசிக்கு வெள்ளையும் சாம்பலுமாகச் சில்லுகள் கிடந்தன. முட்டை ஓடு நொறுக்கிப் போட்ட மாதிரி சில, வேர்க்கடலை அளவில் சில, உள்ளங்கை அகலத்துக்கு வளைந்த ஒன்றிரண்டு பெரிய பொருக்குகள். பாய் கையில் பிடித்திருந்த, தண்ணீரைச் சுடவைக்கும் காயிலைக் காயில் என்றே சொல்ல முடியாது, சுண்ணாம்புக் கிளைபோல வீங்கி இருந்தது. ஒரு பொருக்கை எடுத்து அவள் கையில் வைத்தார். இன்னும் சூடு போகாத மாதிரி இருந்தது, அது தன் கையின் சூடுதான் என்று புரிய ஒரு கணம் ஆனது. எத்தனை வருசமாச்சு இதைத் திறந்து என்று பாய் கேட்டார். திறந்ததே இல்லை என்றாள். இந்தப் பக்கம் கடல் தண்ணி உள்ள ஏறிடுச்சு, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கழட்டிக் கழுவணும்மா, இல்லாட்டி உப்பெல்லாம் காய்ஞ்சு அடியில உக்காந்துக்கும் என்று சொல்லிக்கொண்டே காயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அவளைப் பார்க்காமலே, சாதாரணமாகச் சொன்னார்:

"சத்தம் வந்திருக்குமேம்மா."

அவள் என்ன என்றாள். அவர் காயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டாள்.

"என்ன சத்தம் பாய்?"

"மொதல்ல ஒத்தை ஒத்தையா டொக்கு டொக்குன்னு வரும். உப்புக்கட்டிக்கு அடியில தண்ணி மாட்டிக்கினு கொதிக்கும் இல்ல, அது கட்டிய தூக்கித் தூக்கிப் போடும். உப்பு ஜாஸ்தியாச்சுன்னா உள்ள யாரோ ஆளு குந்திக்கினு பேசுறாப்புலயே கேக்கும். ரெண்டு மாசமாச்சும் வந்திருக்கணும், இவ்ளோ இருக்குதே. கேக்கலியா உங்களுக்கு?"

"ஹால்ல கேட்டுது" என்றாள் புனிதவதி. "சுவத்துல."

"அங்கதான் கேக்கும். சமையலறைக்குப் போற சுடுதண்ணி பைப்பு அந்தச் செவுத்துக்குள்ளதான போவுது. சத்தம் பைப்போடயே ஓடிடும்மா. கீசர் கீழ நின்னா தெரியாது, அங்க போனா தெரியும். நீலாங்கரையில ஒரு வீட்டுல பயந்துபோய்ப் பூசாரிய இட்டாந்து பூசை போட்டுட்டாங்க, அப்புறம்தான் எனக்குப் போன் பண்ணாங்க."

ஆஃப் பண்ணின பிறகும் வருமா என்று கேட்டாள். ஆறும்போது விரிசல் விடும், வரும் என்றார். குழாயைத் திறந்தால் நிற்குமா என்று கேட்டாள். பச்சைத் தண்ணீர் உள்ளே போனால் கொதி அடங்கிவிடும், நிற்கும் என்றார். அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார், இத்தனை கேள்வி கேட்கிற ஆளை அவர் பார்த்திருக்க மாட்டார். அவள் இன்னும் ஒன்று கேட்க நினைத்து நிறுத்திக்கொண்டாள். அதற்குள்ளிருந்து எண்கள் கேட்குமா என்பது அது. கேட்க வேண்டியதில்லை என்று அவளுக்கே தெரிந்தது. கரகரப்பு என்று ஒன்று இருந்தால் இருபத்தாறு வருடம் பழகிய காது அதற்குள் எண்ணைத் தேடத்தான் செய்யும், அதற்கு வேறு என்ன தெரியும். பொருக்கைக் கையில் வைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.  நெஞ்சுக்குக் கீழே, விலா எலும்பு சேருமிடத்தில், இரண்டு மாதமாக ஒரு முடிச்சு இருந்திருக்கிறது, அது அவிழ்ந்தபோதுதான் இருந்ததே தெரிந்தது. மூச்சு அடிவயிறு வரைக்கும் போயிற்று. சுண்ணாம்பு, வெறும் சுண்ணாம்பு. டம்ளரில் பூக்கிற அதே வெள்ளை, துண்டை விறைக்க வைக்கிற அதே வெள்ளை, தினம் ரெண்டு கையாலும் தேய்த்துக் கழுவித் திட்டுகிற அதே தண்ணீர். தினமும் ஒன்பதரைக்குத் தன் கையாலேயே சுவிட்சைப் போட்டு, அதைக் கொதிக்கவிட்டு, எதிரே வந்து உட்கார்ந்து அதைக் கேட்டு நடுங்கியிருக்கிறாள். சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள், பாய் என்ன நினைப்பார். பொத்தின கைக்குள் சிரிப்பு அழுகையாகிவிட்டது, பிறகு எது என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அதன் போக்கில் விட்டாள். எல்லாம் அடங்கியபின் அப்பா நினைவுக்கு வந்தார். அவருக்கும் பின்கதவுக்குப் பின்னால் ஏதாவது இருந்திருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. தாழ்ப்பாள் ஆடியதோ, முருங்கைக்கிளை உரசியதோ, யாரும் பார்க்கவில்லை, கதவைத் திறந்து ஆள் இல்லை என்று காட்டினார்களே தவிர, என்ன சத்தம் என்று எவரும் காது கொடுக்கவில்லை. ஆனால் அவள் தன்னை ஏமாற்றிக்கொள்ள விரும்பவில்லை. அப்பா மகளின் பேரை மறந்தார், சட்டையைத் தலைகீழாகப் போட்டார், கடைசி இரண்டு வருடம் அம்மாவை யாரோ என்று நினைத்துக் கும்பிட்டார். அவருக்கு வந்தது நோய்தான். இவளுக்கு வந்தது தண்ணீர். நாளைக்கு என்ன வரும் என்று யாருக்குத் தெரியும், வைகாசி வரத்தான் போகிறது, ஐம்பத்தெட்டு ஆகத்தான் போகிறது. வரட்டும். இன்றைக்கு வந்தது தண்ணீர்.

மகளுக்குப் போன் பண்ணினாள். எழில் இரண்டாவது மணியிலேயே எடுத்து, என்னம்மா, இந்நேரத்துல, அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே என்று பதறினாள். ஒன்றும் இல்லை, தை பிறந்ததும் வந்து உன்னைக் கூட்டிப்போகப் போகிறேன், பிரசவம் இங்கேதான் என்றாள் புனிதவதி.  உப்புத்தண்ணின்னு சொன்னியே என்றாள் எழில், குரலில் இன்னும் ஒதுக்கம் போகவில்லை. குழந்தைக்கு ரெண்டு கேன் தண்ணி கூட வாங்கினாப் போச்சு என்றாள் இவள். அது காரணம் இல்ல எழில், எனக்கு ஒரு பயம் இருந்துது, வேற பயம், நீ வந்தப்புறம் உக்காந்து சொல்றேன், இப்ப இல்ல. என்ன பயம் என்று மகள் கேட்டாள். சொன்னா சிரிப்ப என்றாள். எழில் சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் என்னமோ உனக்கு என்னைப் பார்த்துக்க முடியல போலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேம்மா என்றாள். அந்தக் குரலில் ஏழு வயதுப் பிள்ளை இருந்தது. புனிதவதியின் காதுக்கு அது ஒரே தடவையில் கேட்டுவிட்டது. பெட்டியில் என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்று இருவரும் பேச ஆரம்பித்து, பழைய பருத்திப் புடவை கிழிப்பது வரைக்கும் வந்து, பாய் உள்ளிருந்து, அம்மா என்று கூப்பிட்டபோதுதான் போனை வைத்தாள். அவர் டேங்கைக் கழுவிப் புதுக் காயில் போட்டு மூடிவிட்டார். சுவிட்சைப் போட்டுக் காட்டினார். அவள் கூடத்துச் சுவர் முன்னால் போய் நின்றாள். தண்ணீர் சூடாகிற நேரம் முழுக்க நின்றாள். சுவர் சுவராக இருந்தது.

பாய் கிளம்பிப்போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, தில்லைநாயகம் வந்துவிட்டார். அவர் மதியத்தில் வருகிற ஆள் இல்லை, டப்பாவில் எடுத்துப்போய்ப் பள்ளியிலேயே சாப்பிடுகிறவர். மெக்கானிக் வந்தானான்னு பார்க்க வந்தேன் என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். அவள் அவரைக் குளியலறைக்கு அழைத்துப்போய் வாளியைக் காட்டினாள். உப்பு என்றார். ஆமா என்றாள். பிறகு, நின்றபடியே, எல்லாவற்றையும் சொன்னாள். தட்டல், முணுமுணுப்பு, எண்கள், அப்பா, குழந்தை, மேடை. சொல்லச் சொல்ல அது ஒரு பத்து நிமிடத்தில் முடிந்துபோகிற விஷயமாக இருந்தது, இவ்வளவுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் கையை வாளிக்குள் விட்டுச் சில்லுகளை அளைந்துகொண்டே இருந்தார். முடித்ததும் அவர் சொன்னார்:

"எனக்குத் தெரியும் புனிதா. மார்கழி பொறந்த வாரம் வேன் சாவி ஒண்ண மறந்துட்டுப் பத்து மணி வாக்குல திரும்பி வந்தேன். கதவத் தொறந்தா நீ சுவத்துல காத வச்சுக்கிட்டு நிக்கிற. கண்ண மூடிக்கிட்டு நிக்கிற. எனக்கு உங்கப்பாதான் ஞாபகம் வந்தாரு. சத்தமில்லாம கதவச் சாத்திட்டுப் போயிட்டேன்."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிட்டா?"

 தெரிந்த டாக்டர் ஒருத்தரிடம் தனியாகப் போய்க் கேட்டதாகவும், டாக்டர் அவளை அழைத்துவரச் சொன்னதாகவும், எப்படிச் சொல்லி அழைத்துப்போவது என்று தெரியாமல் ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டே வந்ததாகவும் அவர் சொன்னார். எழில் அங்கேயே இருக்கட்டும் என்று அவள் முடிவு பண்ணியபோது அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாதது ஏன் என்று அவளுக்கு இப்போது விளங்கியது. அவரும் மேடையைப் பார்த்திருக்கிறார், குழந்தையைப் பார்த்திருக்கிறார். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் ஒரே பயத்தை ஆளுக்கொரு அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு, காலையில் காபியையும் சாயங்காலம் செய்தியையும் பகிர்ந்துகொண்டு இந்த மார்கழியை ஓட்டியிருக்கிறார்கள். அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம் என்றாள் அவள். டப்பா வேனிலேயே இருக்கிறது என்றார். அது கெடக்கட்டும் என்றாள்.

காலையில் வைத்த சாம்பாரைச் சுடவைத்தாள், அப்பளம் ரெண்டு பொரித்தாள், வாழைக்காய் வறுவல் மிச்சம் இருந்தது. அவர் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார், அவளும் எதிரே உட்கார்ந்தாள்.  எழிலைக் கூட்டிவரப் பள்ளி வேன் ஒன்றை ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார், வேனில் இவ்வளவு தூரம் குலுங்கும், கார்தான் நல்லது என்று இவள் சொன்னாள். சரி என்றார். குனிந்து நிதானமாகச் சாப்பிட்டார். சாம்பார் சாதம் முடிந்ததும் தட்டை அவள் பக்கம் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் சோறு போடு என்றார். கரண்டியைக் கையில் எடுத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது, மார்கழி பிறந்ததிலிருந்து அந்த மனிதர் மறுசோறு கேட்டதே இல்லை. அவள் நிறையவே போட்டாள். போதும் என்று அவர் சொல்லவில்லை.